அளவாகக் கலந்தது

அன்புள்ள அப்பாவுக்கு, டுலூத்திலிருந்து மேவிஸ். கையில் அரிப்பு குறைந்ததா? லூயெல்லா அத்தை மருந்து தடவ வருகிறார்களா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

"விட்டுத் தொலைம்மா" என்றீர்கள். விடவில்லை.

நம் வீட்டைக் கட்டிய ட்ரீசன் நேற்று இங்கே புது வீட்டுச் சட்டம் பற்றிய பொது விசாரணையில் பேசினான். புது வீடுகளுக்குத் தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பானைக் கட்டாயமாக்கக் கூடாதாம். "சட்டியில எண்ணெய் பத்திக்கிச்சு. தெளிப்பான் அணைச்சுதா? பெரியவர் கையைப் பொசுக்கிடுச்சு!" உங்களைத்தான் சொன்னான்.

"குழாய்த் தண்ணி உறையாம இருக்க மருந்து ஊத்தினது யாரு?" என்றேன்.

"நான்தான். அளவாத்தான் கலந்தேன்."

நானும் தெளிப்பான் மாட்டிப் பிழைப்பவள்தானே; அந்த மருந்து அளவுக்கு மீறினால் குழாய்த் தண்ணீரே பற்றி எரியும் என்று எனக்குத் தெரியும். நம் குழாயில் மிச்சமிருந்ததைத் தீப்பிடித்த அன்றே வடித்து ஜாடியில் வைத்திருந்தேன். வாசலில் தீயணைப்பு வீரர்கள் தெளிப்பான் அணைப்பதைச் செய்துகாட்ட எண்ணெய்ச் சட்டியைக் கொளுத்தியிருந்தார்கள். எல்லோரும் வெளியே வந்ததும் ஜாடியை நீட்டினேன்.

"எங்க குழாயில இருந்தது. அளவாக் கலந்ததுதானே? நீங்களே ஊத்துங்க சார்."

கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தான். "கிட்ட கொண்டு வராதே, பத்திக்கும்!"

"தெரிஞ்சேதான் ஊத்துனீங்களா?"

கூட்டம் அவனையே பார்த்தது. ஒரு துளியும் சிந்தாமல் ஜாடியை மூடினேன்.

தங்குமிடம் போகும் பஸ் வந்துவிட்டது. உங்கள் கம்பளிக் கையுறைகளை அனுப்புங்கள், அப்பா. உங்கள் கை அவற்றில் இனி நுழையாது. ட்ரீசன் அடுத்துப் பேசப்போகும் ஊர் இதைவிடக் குளிராம்.

உங்கள் மேவிஸ்