ஜெப நேரத்தில் நிறுத்திய காருக்குத் தாமதக் கட்டணம்

அனுப்புநர்:
சாமுவேலு தஃபுவா,
நகரப் பேருந்து ஓட்டுநர்,
மாங்கரே, ஆக்லாந்து.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், புகார்ப் பிரிவு,
தென்கடல் கடன் அட்டை நிறுவனம்,
ஆக்லாந்து.

பொருள்: சமோவாவில் எடுத்த வாடகைக் காருக்காக என் அட்டையில் கூடுதலாகப் பிடித்த அறுநூற்றுப் பத்து டாலா (சமோவா நாணயம்) தொகையைத் திரும்பப் பெற்றுத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நான் பஸ் ஓட்டிப் பிழைப்பவன். தாமதம் என்ற சொல்லே எனக்கு ஆகாது. அந்தச் சொல்லுக்காக என்னிடமே பணம் பிடித்திருப்பதால் இந்த மனுவை எழுதுகிறேன்.

1. என் தம்பி எலியாவின் கல்யாணத்துக்காகச் சென்ற மாதம் சமோவா போயிருந்தேன். ஆப்பியா நகரில் உள்ள 'வெண்மணல்' வாடகைக் கார் நிறுவனத்தில் நான்கு நாட்களுக்கு ஒரு கார் எடுத்தேன். கடைசி நாள் மாலை ஏழு மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். தம்பி வீட்டிலிருந்து ஆப்பியாவுக்கு ஒரு மணி நேர ஓட்டம். நான் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன்.

2. தாங்களும் எங்கள் தீவுக்காரர் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு ஊரிலும் சங்கு ஊதுவார்கள். அது குடும்ப ஜெபத்துக்கான நேரம். அது முடியும்வரை ஊருக்குள் யாரும் நடமாடக் கூடாது. சில ஊர்களில் வண்டியும் ஓடக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் சாலையில் நின்று காவல் காப்பார்கள். ஒவ்வொரு ஊருக்கும் சங்கு ஊதும் நேரம் வேறு வேறு.

3. முதல் ஊரில் சங்கு ஊதியது, நின்றேன். முடிந்ததும் கிளம்பி அடுத்த ஊரான வைமோலிக்குள் நுழைந்தேன். அங்கேயும் ஊதினார்கள். மெல்ல ஊர்ந்து தப்பிவிடலாம் என்று பார்த்தேன். மலை போன்ற ஓர் ஆள் நடுச் சாலைக்கு வந்து கை காட்டினார். "ஏய், ஓரங்கட்டுய்யா! சங்கு ஊதுனது காதுல விழலையா? ஆக்லாந்து போனதும் சாமி மறந்துபோச்சோ?" என்றார். ஓரங்கட்டினேன்.

4. ஜெபம் முடிந்து சாவியைத் திருகினேன். அதே ஆள் சன்னலில் கை வைத்தார். "எங்க ஊர் எல்லைல நின்ன ஆளு வெறும் வயித்தோட போனா எங்களுக்குத்தான் கெட்ட பேரு. எறங்கு" என்றார். காரைத் திருப்பித் தர நேரமாகிவிட்டது என்று கெஞ்சினேன். "கார்க்காரன் எங்க ஓடிடப் போறான்? இருப்பான். உக்காருய்யா" என்றார். மறுத்தால் அந்த வீட்டையே அவமதித்தது போல. தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலை, மீன் சூப், சுடச்சுடக் கொக்கோ. இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

5. ஆப்பியா சேர்ந்தபோது எட்டரை மணி தாண்டிவிட்டது. கல்லாவில் இருந்த லூப்பே என்ற பெண்ணிடம் காரணம் சொன்னேன். "எல்லாரும் இதையேதாண்ணே சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் ஒரே சாயங்காலத்துல ஆறு ஊர்ல ஜெபம் பண்ணேன்னாரு. அவ்வளவு பக்தியா நம்ம ஊர்ல?" என்று சிரித்தாள். விமானத்துக்கு நேரமானதால் நானும் சிரித்துவிட்டு ஓடினேன். இங்கு வந்து பார்த்தால் ஒரு முழு நாள் வாடகையும் அதற்கு மேல் அபராதமும் அட்டையில் ஏறியிருக்கின்றன.

6. கேட்கலாம் என்று 'வெண்மணல்' முதலாளிக்குப் போன் செய்தேன். 'ஹலோ' என்ற குரலைக் கேட்டதுமே எனக்கு மீன் சூப் வாசனை வந்துவிட்டது. அம்மையீர், நடுச் சாலையில் என்னை நிறுத்தியவர்தான் அந்தக் கார் நிறுவனத்தின் முதலாளி, திரு. துயிலேவா!

7. அவர் எதையும் மறுக்கவில்லை. "என் வண்டின்னு பாத்ததுமே தெரிஞ்சுது. அதனாலதான் விடல. சொந்த வண்டிய விட்டுட்டு ஊரான் வண்டிய நிறுத்துனேன்னா நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?" என்றார். அது நியாயம்தான். அப்படியானால் அபராதத்தை நீக்குங்கள் என்றேன். "அது முடியாதுப்பா. யாருக்கும் எதுக்கும் தள்ளுபடி கெடையாதுன்னு லூப்பேகிட்ட நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேன். அவ என் அக்கா பொண்ணு, என்னையே கல்லாப் பக்கம் விடமாட்டா. அட்டைக் கம்பெனி கேக்கட்டும், நான்தான் நிறுத்துனேன்னு சொல்றேன். அவ வாயடைச்சுப் போவா" என்றார். நிறுத்தியவரும் அவரே, நிறுத்தியதற்குப் பணம் வாங்கியவரும் அவரே, சாட்சியும் அவரே. இப்படி ஒரு வழக்கு தங்கள் மேசைக்கு இதற்கு முன் வந்திருக்காது.

8. இதைச் சிரித்துக்கொண்டே எழுதினாலும் எனக்கு உள்ளூரப் பயம் இருக்கிறது. என் மனைவி சியெனிக்கு இது நிறைமாதம், தலைப்பிரசவம். ஆப்பியாவில் இருக்கும் அவள் அக்கா பெனினா பக்கத்தில் இருந்தால்தான் தைரியம் என்கிறாள். பெனினாவின் விமான டிக்கெட்டுக்கு என்று அட்டையின் கடன் வரம்பில் நான் விட்டுவைத்திருந்த இடத்தை இந்த அபராதம் அடைத்துக்கொண்டது. "பஸ்ஸ நேரத்துக்கு ஓட்டத் தெரியுது, எங்க அக்காவ நேரத்துக்குக் கொண்டுவரத் தெரியலையே" என்று சியெனி இரவில் அழுகிறாள். அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே, தாங்கள் திரு. துயிலேவாவிடமே போனில் விசாரித்து, அந்தத் தொகையை இந்த வாரத்துக்குள் என் அட்டையில் திரும்ப வரவு வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவரைப் பொழுது சாயும் நேரத்தில் அழைக்க வேண்டாம், எடுக்க மாட்டார். அந்த விருந்துக்கு விலை போட்டிருந்தால் முழுமனதோடு கொடுத்திருப்பேன். நிறுத்தியதற்கு மட்டும் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

போனில் நான் வீட்டு விஷயம் சொன்னதைக் கேட்டு, குழந்தைக்கு என்று ஒரு கூடை கொக்கோவைத் திரு. துயிலேவா பெனினாவைத் தேடிப் போய் ஏற்கெனவே கொடுத்துவிட்டாராம். பெனினாவும் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு என் போனுக்காகக் காத்திருக்கிறாள். பிறக்கப் போகும் குழந்தையை ஓரங்கட்டச் சொல்ல, சாலையில் கை காட்டி நிறுத்தும் ஆள் இங்கே யாரும் இல்லை, அம்மையீர்.

இடம்: மாங்கரே
நாள்: 12.06.2023

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
(ஒப்பம்)
சாமுவேலு தஃபுவா