ஆற்றின் முறைக்கு ஒரு மட்டி ஓடு

இன்று காலையிலிருந்து மேசையில் எண்ணூர்க் கழிமுகத்தின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. எங்கே வலை போடலாம், எங்கே கூடாது என்று கோடு போட்டுத் தர வேண்டுமாம். பருவநிலை, பாதுகாப்பு, புதிய அணுகுமுறை என்று மீன்வளத் துறையின் கடிதம் முழுக்கப் பெரிய சொற்கள். மின்விசிறிக் காற்றில் தாள் சுருண்டுகொண்டே இருந்தது. அழுத்தி வைக்க ஏதாவது கிடைக்குமா என்று இழுப்பறையில் கைவிட்டபோது நீ கொடுத்த அந்த மட்டி ஓடு அகப்பட்டது. குறி எதுவும் இல்லாத ஓடு. அதன் வரிகளுக்குள் சாம்பல் இன்னும் படிந்திருக்கிறது.

உன்னை நேரில் 'நீ' என்று நான் கூப்பிட்டதே இல்லை. ஒரே வயதுதான் நமக்கு. இருந்தும் கடைசிவரை 'நீங்க, வாங்க' என்றே பேசினேன். "இன்னா மேடம், என்னியப் பாத்தா ஆபீசர் மாரியா கீது?" என்று மீன்கூடையை இறக்கியபடி சிரிப்பாய். கேட்க நீ இல்லாததால்தான் இப்போது துணிகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் போட்ட கோட்டை நீ மறந்திருக்க மாட்டாய். அனல்மின் நிலையத்துச் சுடுநீரும் சாம்பலும் சேர்ந்து, இறால் பிழைக்கும் தண்ணீரை ஒரு சிறு துண்டாகச் சுருக்கியிருந்தன. அந்தத் துண்டுக்காக உன் கணவரின் குப்பமும் நீ பிறந்த எதிர்க்கரைக் குப்பமும் முறைத்துக்கொண்டு நின்றன. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நான் அதை மூன்றாகப் பிரித்தேன். கரைக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் இறால் குஞ்சுகள் வளர யாரும் தொடாத ஒன்று. மூங்கில் நட்டு, சிவப்புத் துணி கட்டி, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கினேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் முகத்துவாரத்து மணல் இடம் மாறியது. மூங்கில்கள் நின்ற இடத்திலேயே நின்றன. எதிர்க்கரையின் பங்கு மணல்திட்டாகிவிட, ஆழமும் இறாலும் உன் கணவர் பக்கம் சேர்ந்தன. உன் தம்பி மூங்கிலைத் தாண்டி வலை போட்டான். மறுநாள் அந்த வலை அறுந்து கிடந்தது.

அன்று திட்டின் மேல் இரண்டு குப்பமும் துடுப்புகளோடு திரண்டிருந்தன. இரண்டு பக்கமும் என் வரைபடத்தின் நகலைத்தான் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"இன்னா மாமா, வலய அறுத்துட்டு மேப்பக் காட்டுற?" என்றான் உன் தம்பி.

"மேடம் போட்ட கோடு. நீதான கையெழுத்துப் போட்ட?" என்றார் உன் கணவர்.

"ஆறு நவுந்துடுச்சி மாமா! கோடு நவுரலியே!"

உன் கணவர் துடுப்பை ஓங்கினார். நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். நீ கூடையோடு குறுக்கே போய் நின்றாய்.

"அடி, எம்மேல அடி. அவன் போனா என் பொறந்த வூடு போச்சு. நீ போனா என் தாலி போச்சு. எப்பிடியும் நான்தான சாவணும்?"

"பொம்பளைக்கு இங்க இன்னா வேல?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"புடிக்கிற மீன விக்கிறது எவ? உங்க நைனாவா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். துடுப்பு அடிக்கவில்லை, ஓங்கிய இடத்திலேயே நின்றது.

"மூங்கிலப் புடுங்கு. தண்ணியப் பங்கு போடாத, நாளப் பங்கு போடு. ரெண்டு குப்பமும் ஒரே பானையில ஓடு போடட்டும்" என்றாய்.

படகுக்கு ஒரு மட்டி ஓடு, அதில் அவரவர் குறி, பானையிலிருந்து வெளிவரும் வரிசையில் அவரவர் நாள். ஒவ்வொரு குப்பத்துக்குள்ளும் இருந்த வழக்கம்தான் அது. ஒரே பானையில் இரண்டு குப்பமும் போட்டதில்லை, அவ்வளவுதான்.

"குஞ்சுகளுக்கு?" என்று முனகினேன்.

"ஆத்துக்கும் ஒரு ஓடு போடு. குறி வோணாம். அது வர்ற நாள்ல எவனும் வல எறக்கக் கூடாது."

"ஆறு வந்து கைய வுட்டு எடுக்குமா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"மேடம் எடுக்கட்டும். இங்க வல இல்லாதது அவங்களுக்கு மட்டுந்தான்."

பானைக்குள் கைவிட்டேன். முதலில் வந்தது வெற்று ஓடு. மறுநாள் அமாவாசை, இறால் கூட்டமாக ஓடி வலை நிறையும் நாள். உன் தம்பி உன்னைப் பார்த்தான். ஏற்றுக்கொள் என்பதுபோல் நீ தலையை மட்டும் அசைத்தாய்.

மறுநாள் விடிந்ததிலிருந்து உன் பக்கத்தில் நின்றேன். தண்ணீருக்கு மேல் இறால் துள்ளித் துள்ளி விழுந்தது. இரு கரையிலும் ஆண்கள் குந்தியிருந்தார்கள். எதிர்க்கரையில் எவன் எழுந்தாலும் இந்தக் கரையில் பத்துப் பேர் எழுந்தார்கள். பொழுது சாயும்வரை யாரும் வலை இறக்கவில்லை.

"இவங்க ஆத்துக்காக விடல. அடுத்தவனுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு விட்டிருக்காங்க" என்றேன்.

"அது எதுவா இருந்தா உங்களுக்கு இன்னா மேடம்? வல காஞ்சிகினு கீதுல்ல."

அறுந்த வலையை உன் கணவரும் தம்பியும் பேசிக்கொள்ளாமலே சேர்ந்து பின்னினார்கள். அடுத்த ஆண்டு பானையில் மூன்று வெற்று ஓடுகள் இருந்தன. இறால் கொஞ்சம் திரும்பியது. முழுதாகத் திரும்பவில்லை, அந்தப் பானையில் அனல்மின் நிலையம் ஒருநாளும் ஓடு போடவில்லையே. அதைப் பற்றி நான் எழுதிய அறிக்கைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

முதல் ஓட்டை என்னிடம் கொடுத்தபோது, "மறுபடி கோடு போடத் தோணிச்சுன்னா இதக் கையில புடிச்சிக்கோங்க" என்றாய். அப்போது அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாசியில் உன்னைத் தூக்கிச் சென்றபோது முன்னால் ஒரு பக்கம் உன் கணவர், மறு பக்கம் உன் தம்பி. அன்று வலை போடும் முறை உன் தம்பியுடையது.

வரைபடத்தில் இன்னும் கோடு விழவில்லை. ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாளைக் காலை டோல்கேட்டில் பஸ் ஏறி வருகிறேன். மணல் இப்போது எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். மீன் விற்கும் பெண்களை முதலில் கேட்க வேண்டும்.