மாத்திரை டப்பாவில் ஒட்டிய எழுத்துகள்

அப்பா,

இன்று காலை ஒரு லாரிக்காரர் நம் ஸ்டிக்கர் கடைக்கு வந்தார். மகள் பெயரை வண்டியின் பின்னால் ஒட்ட வேண்டுமாம். "எழுத்தச் சுத்தி வெள்ள, அதச் சுத்திச் செவப்பு, ரெண்டு அவுட்லைன் வேணுமுங்க" என்றார். கம்ப்யூட்டரில் முதல் கோட்டைப் போட்டேன். இரண்டாவதற்குக் கை ஓடவில்லை. அவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சங்ககிரியிலிருந்து வடநாடு வரை லாரி ஓட்டிய கண்கள் உங்களுடையவை. சர்க்கரை அவற்றைத் தின்னத் தொடங்கியதும் ஓட்டுவதை நிறுத்தினீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையை மட்டும் யாரும் எடுத்துத் தரக் கூடாது என்றீர்கள். "அதையாச்சும் நானே பாத்து எடுத்துக்கறேன் சாமி."

அதனால் டப்பா மூடிகளுக்கு ஸ்டிக்கர் அடித்தேன். காலை, மதியம், ராத்திரி. கறுப்பெழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றதும் அதைச் சுற்றி வெள்ளைக் கோடு வைத்தேன். சில மாதம் கழித்து, "இன்னொரு கோடு போட்டுப் பாரு" என்றீர்கள். வெள்ளைக்கு வெளியே மஞ்சள், அதற்கும் வெளியே மறுபடி கறுப்பு. மூடி சின்னது, கோடு கூடக் கூட நடுவில் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் "இப்பத் தெரியுது" என்றீர்கள். எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு மதியம் புது ஸ்டிக்கரை உங்கள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நல்லாத் தெரியுது சாமி" என்றீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பின்பக்கத்து வெற்றுத் தாளை.

"எத்தன நாளாங்கப்பா தெரியல?"

ஸ்டிக்கரை என் கையில் திருப்பித் தந்தீர்கள். "மஞ்சக் கோடு போட்டப்பவே தெரீல. நீ ஆசையாப் போட்டுக் குடுத்தே. எப்படிச் சொல்றது? டப்பாவ ஆட்டி, சத்தத்த வெச்சு எடுத்துக்குவேன்."

மறுநாளிலிருந்து அம்மா மாத்திரையை எடுத்து உங்கள் கையில் வைத்தாள். நீங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. பேச்சும் குறைந்தது, சோறும் குறைந்தது. பொங்கல் வரைகூட நீங்கள் இருக்கவில்லை. டாக்டர் சிறுநீரகம் என்றார். பார்வை போனதைத் தாங்கிக்கொண்டவர், நான் கண்டுபிடித்ததைத்தான் தாங்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இப்போது யார் என்ன சொன்னாலும் நம்ப முடிவதில்லை, அப்பா. "சாப்ட்டேன் சாமி" என்று அம்மா தினமும் சொல்கிறாள். நான் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்க்கிறேன்.