ஆமைக்குக் கட்டிய தொட்டி

விருதுநகர்
4-8-1963

அன்புள்ள குருவம்மாளுக்கு வீட்டுக்காரன் சோலைமலை எழுதிக்கொண்டது. இங்கே நானும் அடுப்பும் ஆளுக்கொரு மூலையில் சௌக்கியம். அங்கே நீயும் உன் கோபமும் சௌக்கியமாக இருப்பீர்கள்.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து வாரம். ஒரு சேதி சொல்லத்தான் இந்தக் கார்டு. நம் வீட்டுக்கு ஒருத்தி வந்து சேர்ந்துவிட்டாள். உன்னைவிட ரொம்ப இளையவள். போட்டதைச் சாப்பிடுகிறாள். எதிர்த்து ஒரு சொல் கிடையாது. நான் பேசினால் தலையை நீட்டிக் கேட்டுக்கொள்கிறாள். அவளுக்காகக் கொல்லையில் செங்கலும் சிமெண்டும் வைத்துத் தனியாக இடம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அக்கா, "இது குடும்பத்துக்கு ஆகாதுய்யா, கொண்டுபோய் விட்டுரு" என்கிறாள். நான் விடுவதாக இல்லை. அவள் யார் என்றால்

கார்டில் இடம் முடிந்துவிட்டது. மீதி பிறகு.

சோலைமலை

திருத்தங்கல்
8-8-1963

மச்சானுக்கு குருவம்மாள் எழுதியது.

உங்கள் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். சுடலை அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். தபால்காரர் வாசலில் நின்று, குழாயடியில் குடத்தோடு நின்ற அத்தனை பேரும் கேட்க, கடைசி வரி வரைக்கும் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறிவிட்டார். நான் கம்பெனிக்குப் போனேன். மத்தாப்பு அடைக்கும் பிரிவில் எனக்குக் கீழே இருபத்தாறு பேர். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலுத்தாய் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுக்கா, ஆம்பளைகளே இப்படித்தான்" என்று அழுதாள். அழுத கையோடு பத்து மத்தாப்புக்கு எட்டு போட்டு டப்பாவை ஒட்டிவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"யாருண்ணே அவ?"

"ஆமைத்தா."

"என்னது?"

"ஆமைக் குஞ்சு. உம் மாப்பிள்ளை அதுக்கு வீடு கட்டுதாரு. என்னையும் ரெண்டு சட்டி கலவை தூக்கவச்சிட்டாரு."

அண்ணன் சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மச்சான். மேஸ்திரி வேலை கொடுத்த அன்றைக்குக் காராச்சேவு பொட்டலத்தோடு ஓடிவந்தேன். டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில், "கம்பெனியில ஆம்பளைக்குப் பஞ்சம் வந்திருச்சு போல" என்றீர்கள். பத்துப் பேரும் சிரித்தார்கள். இப்போது இந்தத் தெருவையும் சிரிக்க வைத்தாயிற்று. நீங்கள் சிரிக்க நான்தான் கிடைத்தேனா?

இனிமேல் கார்டு போடாதீர்கள்.

குருவம்மாள்

விருதுநகர்
19-8-1963

அன்புள்ள குருவம்மாளுக்கு,

இன்லாண்டு லெட்டரில் எழுதுகிறேன். நாலு பக்கமும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டப்போகிறேன். எந்தத் தபால்காரரும் வாசிக்க முடியாது.

நாங்கள் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் புதுச் சுவர் வைக்க வைப்பாற்று மணல் வண்டியில் வந்தது. சுமை இறக்கும்போது மண்வெட்டிக்குப் பக்கத்தில் என்னமோ நகர்ந்தது. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மகளையும் கட்டிக்கொடுத்து நீயும் போன பிறகு, வீட்டுக்குள் இன்னொரு உயிர் அசைந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆமை வந்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்கிறாள் மூக்கம்மாள் அக்கா. "எக்கா, குடும்பம் பிரிஞ்ச பிறகுதானே ஆமை வந்திருக்கு, இனி எதைப் பிரிக்கும்?" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தொட்டி மூன்றடி நீளம், இரண்டடி அகலம். என் கையால் கட்டியது. கொத்தனார் உக்கிரபாண்டி வந்து பார்த்து, ஒரு சொட்டு ஒழுகவில்லையே என்று வாயைப் பிளந்தார். பூச்சு உலர்ந்த அன்றைக்கே தொட்டியின் கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பி அதை விட்டேன்.

இதற்கு மேல் பகடியாக எழுத வரவில்லை. முந்தாநாளிலிருந்து அது கண்ணைத் திறக்கவில்லை. இமை வீங்கியிருக்கிறது. கழுத்துத் தோல் வெளுத்துவிட்டது. சோறு போட்டால் சீந்தவில்லை. சுவரில் ஏறப் பார்த்து ஏறப் பார்த்து விழுகிறது. நீ வெம்பக்கோட்டையில் ஆற்றங்கரையில் பிறந்தவள். உனக்குத் தெரிந்தால் எழுது. என்மேல் உள்ள கோபத்தை அதன்மேல் காட்டாதே.

சோலைமலை

திருத்தங்கல்
22-8-1963

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்த்த கையோடு ஆமையைத் தொட்டியிலிருந்து எடுங்கள். பிறகு மீதியை வாசியுங்கள்.

எடுத்தாயிற்றா? புதுச் சிமெண்டில் ஊறிய தண்ணீர் சுண்ணாம்பு மாதிரிக் காரம், கண்ணையும் தோலையும் அரித்துவிடும். எங்கள் கம்பெனியில் தீயணைக்க ஒவ்வொரு ஷெட்டுக்கும் முன்னால் தொட்டி கட்டியிருக்கிறார்கள். புதிதாகக் கட்டிய ஒன்றில் கொசுவுக்காகக் கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டார்கள். மறுநாள் அத்தனையும் மிதந்தது. அப்புறம் நான்தான் வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு, கொஞ்சம் சாணியும் கரைத்துவிட்டு, பத்து நாள் ஊறவைத்தேன். ஊறிய தண்ணீரைத் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, மறுபடி இரண்டு தடவை நிரப்பி வடித்தோம். அதற்குப் பிறகு விட்ட மீன் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். நாலு நாளில் போதும் என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பொறுமை கிடையாது.

அதுவரைக்கும் மண் சட்டியில் கிணற்றுத் தண்ணீர். அதன் முதுகு மூழ்கினால் போதும், கழுத்தளவு எதற்கு? அது குழந்தை, முங்கிச் செத்துப்போகும். ஏறி உட்கார ஒரு சரிவான கல் வேண்டும். காலை வெயில் கட்டாயம். சோறு போடாதீர்கள், அது என்ன உங்கள் மாமியார் வீட்டு விருந்தாளியா? மண்புழுவைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், கொஞ்சம் கீரையும். தின்றது போக மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும்.

பத்து நாள் கழித்து எனக்கு எழுதுங்கள். நல்ல சேதியென்றாலும் இல்லையென்றாலும்.

குருவம்மாள்

விருதுநகர்
8-9-1963

அன்புள்ள குருவம்மாளுக்கு,

கண் திறந்துவிட்டது! ஒன்பதாம் நாள் காலையில் கல்மேல் ஏறி, நாலு காலையும் பரப்பி, கழுத்தை நீட்டி, மிராசுதார் மாதிரி வெயில் காய்ந்தது. நான் வேலைக்குப் போகாமல் அரை நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் மண்புழுவை என் விரலிலிருந்தே பிடுங்கிக்கொண்டது. கடி பலமில்லை, ஆனாலும் கடிதான்.

தொட்டிக்கு நீ சொன்னபடியே செய்தேன். ஆறாம் நாள் பொறுமை போய்த் தண்ணீரைத் திறக்கப் போனேன். மடக்கி வைத்திருந்த உன் கடிதத்தை எடுத்து அந்த வரியை மறுபடி வாசித்தேன். திறக்கவில்லை. பன்னிரண்டு நாள் ஊறவிட்டேன். இப்போது அது தொட்டிக்குள் நீந்துவதைப் பார்க்கத் தெருவே வருகிறது. மூக்கம்மாள் அக்கா முதல் வரிசையில் நிற்கிறாள், கீரையும் அவள் உபயம்.

நேற்று டீக்கடையில் சீனிச்சாமி கேட்டான், "எப்படிய்யா பிழைக்க வச்சே?" என் வீட்டுக்காரி எழுதினாள், செய்தேன் என்றேன். "பொண்டாட்டி சொல்லி ஆம்பளை செய்யுததா?" என்று அவன் இழுத்தான். அன்றைக்கு இருந்த அதே பத்துப் பேர், அதே பெஞ்சு. "அவ சொல்லுக்கு இருபத்தாறு பேர் வேலை பாக்குறாகலே. நான் இருபத்தேழாவது ஆளு. உனக்கு ஆமை இருந்தா நீயும் வந்து சேரு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் மட்டும், "அந்தப் பிள்ளை கெட்டிக்காரி" என்றார்.

குருவம்மாள், அந்தக் காராச்சேவு பொட்டலத்தை நீ பிரிக்கவே இல்லை. நான் அதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டேன். உனக்கு வேலை கொடுத்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, கேலியாக வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

நீ எப்போது வருகிறாய்?

சோலைமலை

திருத்தங்கல்
14-9-1963

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை அண்ணனுக்கும் அண்ணிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். டீக்கடை இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசித்தேன்.

ஆனால் நான் விருதுநகருக்கு வரப்போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. தீபாவளி சீசன். காலையில் ஷெட்டைத் திறந்து ஆட்களை உட்கார வைப்பது என் பொறுப்பு. தினமும் பஸ்ஸை நம்பி அங்கிருந்து வர முடியாது. சீசன் முடிந்தாலும் இந்த வேலையை விடமாட்டேன். கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு தருவதாகச் சொல்கிறார்கள். கொல்லை பெரிது, காலை வெயில் விழும். சாவியை இன்னும் வாங்கவில்லை. தனி ஆளுக்கு அது பெரிய வீடு.

புருசன் இருக்கும் ஊருக்குப் பெண்சாதி போவதுதான் வழக்கம். வழக்கத்தை மாற்றி உங்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஊர் சிரிக்கும். இந்தத் தடவை உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அதைத் தாங்குவீர்களா என்று எனக்குத் தெரியாது.

குருவம்மாள்

விருதுநகர்
24-9-1963

அன்புள்ள குருவம்மாளுக்கு,

சாவியை வாங்கிவிடு.

கிட்டங்கி முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "என்ன சோலைமலை, பொண்டாட்டி பின்னாலயா போற?" என்றார். "ஆமா முதலாளி, முன்னால போக எனக்கு வழி தெரியல" என்றேன். சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். தாங்க முடிகிறது. அச்சாபீசுகளுக்குக் காகிதக் கட்டு இறக்க அங்கே ஆள் வேண்டும் என்று அன்றைக்குக் கலவை தூக்கும்போதே உன் அண்ணன் சொன்னார். எனக்குத் தோள் இருக்கிறது.

தொட்டியைத் தூக்க முடியாது. மூக்கம்மாள் அக்காவின் கன்றுக்குட்டி தண்ணீர் குடிக்கட்டும். அங்கே கொல்லையில் எந்த இடம் என்று நீ காட்டு, கட்டுகிறேன். பத்து நாள் ஊறவைப்பது உன் கணக்கு. ஆமை வளர்ந்து கைக்கு அடங்காமல் போனால் இரண்டு பேருமாக வைப்பாற்றில் கொண்டு போய் விடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். தலையில் படுக்கை, மடியில் தகர டின், டின்னுக்குள் ஈரச் சாக்கில் அது. சீசனென்று உனக்கு ஞாயிறும் வேலை இருக்கும். நீ வெளியே வரவேண்டாம். வேலை முடிந்து உன் ஆட்களை வெளியே விடும் வரைக்கும் கம்பெனி கேட்டில் நிற்கிறேன். காவலாள் யாரென்று கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேஸ்திரி குருவம்மாள் வீட்டுக்காரன்
சோலைமலை