பெறாமக்கள் பக்கம்

புத்தகத் திருவிழாவில் விற்றது போக மிஞ்சிய உன் புத்தகங்களை நேற்று வெள்ளவத்தை வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். பெட்டியைப் பிரித்ததும் மையும் பசையும் கலந்த வாசனை எழுந்தது. எட்டு வருடங்களுக்கு முன் இதே வாசனையோடு இன்னொரு பெட்டி இதே மேசைக்கு வந்தது. அதற்குள் இருந்தவை என் அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள்.

நம்முடைய ஆட்களுக்கு மலர் அடிக்காமல் அந்தியேட்டிச் சடங்கு முடியாது. முன் அட்டையில் போனவரின் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று ஆளுக்கொரு பக்கம். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பெறாமக்கள் பக்கம். புலம்ப வேண்டியவர்கள் கனடாவிலும் லண்டனிலும் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து நான் புலம்பிக் கொடுப்பேன். தமிழ் ரீச்சராய் இருப்பதற்கு இதுதான் தண்டனை. உண்மையைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்பாவின் மலரில் பெறாமக்கள் பக்கத்துக்கு உன் பெயர் ஒன்றுதான். நீ கொழும்பின் மறுபக்கம், கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தனியே இருந்தாய். செத்த வீட்டில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனவள், பிறகு போனையும் எடுக்கவில்லை. பிள்ளைக்கு வேலை கூடிவிட்டது என்று நினைத்து உன்னைக் கேட்காமலே எழுதினேன். "தந்தைக்கு மேலாகத் தாங்கிய பெரியப்பா, எந்தப் பிறப்பினிலே இனியும்மைக் காண்பேனோ?" எதுகை அழகாக விழுந்ததில் எனக்குச் சின்னச் சந்தோஷம்கூட. அடியில் உன் பெயரைப் போட்டேன்.

மலர் கிடைத்த கிழமையே நீ வந்தாய். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றா. நீ அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்தாய்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான். உனக்கு நேரமில்லையெண்டு நானே எழுதிப்போட்டன். நல்லா வந்திருக்கு, என்ன?"

நீ உட்காரவில்லை. "அக்கா, பெரியப்பா என்னைத் தாங்கேல்ல. எனக்குப் பத்து வயசிலயிருந்து நாலு வருஷம், வீட்டில ஒருத்தரும் இல்லாத நேரமெல்லாம் அவர் என்னைச் சும்மா விடேல்ல."

அதற்கு நான் சொன்ன முதல் வார்த்தை உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். "மெல்லமாக் கதை. அம்மாவுக்குக் கேக்கப்போகுது."

அடுத்தது அதைவிட மோசம். "எங்கட அப்பாவையோ சொல்லுறாய்?" என்று கேட்டேன். நீ மலரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாய். நான் கூப்பிடவில்லை.

அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று சில மாதங்கள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சரிவரவில்லை. ஏனென்றால் உனக்கான சாட்சி என் தலைக்குள்ளேயே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்ட நேரம், பிள்ளையாவது பாதுகாப்பாய் இருக்கட்டும் என்று சித்தப்பா உன்னை எங்களிடம் அனுப்பிவைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில் உன் பெயருக்கு மேலே வீட்டுத் தலைவராக அப்பாவின் பெயர் இருந்தது. அந்தத் துண்டு இல்லாமல் நீ கொழும்பில் ஒரு நாள்கூட இருக்க முடியாது. எனக்கு அப்போது பதினைந்து. பள்ளி விட்டு வந்து, அம்மா கோயிலுக்குப் போகும் பின்னேரத்தில் நான் ரியூஷனுக்குக் கிளம்பினால் நீயும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாய். வகுப்பு மேல்மாடியில். நீ கீழே படிக்கட்டில், எங்கள் செருப்புகளுக்கு நடுவில் இரண்டு மணித்தியாலம் குந்தியிருப்பாய்.

"ஏன் வால் மாதிரி என்ர பின்னால திரியிறாய்? வீட்ட இருக்க ஏலாதோ?"

"இங்க நல்லாக் காத்து வருது அக்கா."

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் அடுப்புப் புகை வந்து முட்டும் இடம் அது. காற்று எங்கே வந்தது? எனக்கு அது தெரியும். ஏன் பொய் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. சிநேகிதிகள் சிரிக்கிறார்கள், இவளை வீட்டிலேயே விடுங்கோ என்று அம்மாவிடம்தான் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து நீ வரவில்லை. தொல்லை விட்டது என்று துள்ளிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். இதை நினைக்கும்போதெல்லாம் என்னை எனக்கே பிடிப்பதில்லை.

மலர் வந்து சில மாதங்கள் கழித்துக் கொட்டாஞ்சேனைக்கு உன்னைத் தேடி வந்தேன். பிளேன்ரீ ஊற்றித் தந்தாய். கட்டிலில் நான்கு கொப்பிகள் கிடந்தன. "எனக்காக வேற ஆள் எழுதினா அந்தப் பாட்டு மாதிரித்தான் வரும் எண்டு விளங்கிச்சுது. அதுதான் நானே எழுதத் துவங்கினனான்" என்றாய்.

எழுதி முடிக்க உனக்கு ஐந்து வருடம் பிடித்தது. முதலில் வாசிக்கத் தந்தது எனக்கு. முதல் அத்தியாயமே அந்த மலரில்தான் தொடங்கியது. அப்பாவை நீ "அந்த வீட்டுக்காரர்" என்று மட்டும் எழுதியிருந்தாய். "என் பெயரில் யாரோ ஒரு பாட்டு எழுதியிருந்தார்கள்" என்று ஒரு வரி. அந்த "யாரோ"வைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. இரண்டையும் உன்னிடம் காட்டவில்லை.

புத்தகம் அச்சுக்குப் போக முன்பே உனக்கு உடம்பு வருத்தம் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீ தடுத்தாய். "அக்கா, இப்ப நீங்க அழுதா நான்தான் தேற்றவேணும். என்னட்டச் சத்தில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "புத்தகத் திருவிழாவில முதல் அத்தியாயத்தை நீங்கதான் வாசிக்கவேணும்" என்றாய்.

"நானோ? ஏன் நான்?"

"உங்கட உச்சரிப்பு நல்லம்." சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

அச்சான புத்தகத்தைப் பார்க்காமலே நீ போய்விட்டாய். திருவிழாவுக்கு முந்தின நாள் கனடாவிலிருந்து என் தம்பி போன் எடுத்தான். "வாசிக்கிறதெண்டா வாசி அக்கா. அதுக்கு மேல ஒண்டும் கதைக்காத. என்ர பிள்ளையளுக்குக் கலியாண வயசு." நான் சரி என்றேன். சொன்னபடி செய்வதாகத்தான் மேடை ஏறினேன். மூன்றாம் வரிசையில் நம் சொந்தக்காரர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். என் குரல் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. "என் பெயரில் யாரோ" என்ற இடத்தில் நின்றுவிட்டது.

தண்ணீர் குடித்தேன். புத்தகத்தை மூடவில்லை. "இந்த யாரோ நான்தான்" என்றேன். "அந்த வீட்டுக்காரர் என்ர அப்பா. இவ எங்களோட இருந்த காலத்தில அவர் இவவுக்குச் செய்த கொடுமைதான் இந்தப் புத்தகத்தில இருக்கு. இவ எழுதின ஒவ்வொரு சொல்லும் உண்மை." பிறகு அத்தியாயத்தை முடிவுவரை வாசித்தேன். மாமி ஒருத்தி எழுந்து கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனா. மற்றவர்கள் இருந்தார்கள். தம்பி அன்றிலிருந்து போன் எடுப்பதில்லை.

அம்மாவுக்கு அன்று பின்னேரமே செய்தி வந்துவிட்டது. கத்துவா என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"உனக்கு அப்பாவில விருப்பந்தானே பிள்ளை?"

"ஓம் அம்மா" என்றேன்.

இதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். எனக்கு அப்பாவில் இன்னும் விருப்பம். கடற்கரை ஓரமாய்ப் போகும் ரயிலை என்னைத் தோளில் தூக்கிக் காட்டியவர், எனக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தவர். அவர் உனக்குச் செய்ததையும் ஒரு சொல் குறையாமல் நம்புகிறேன். ஒன்று மற்றதைத் தின்று தீர்த்துவிடும் என்று காத்திருந்து பார்த்தேன். தீரவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் பள்ளிக்குப் போகிறேன், அம்மாவுக்குச் சோறு போடுகிறேன். நீ இருந்திருந்தால் இதை உன் தலையில் ஏற்றியிருக்க மாட்டேன்.

இதைக் கேட்டு நீ என்ன சொல்லியிருப்பாய்? திட்டியிருப்பாயா, விளங்குது அக்கா என்றிருப்பாயா? முன்பென்றால் இந்த இடத்தில் உனக்காக இரண்டு வரி எழுதியிருப்பேன். எனக்குத் தெரியாது. உன் பதிலுக்கான இடத்தை வெறுமையாகவே விடுகிறேன்.