பக்கத்தைத் திருப்பாமற் பாடிய பாட்டு

சிவசிவ
டோர்ட்முண்ட், 19.08.2024

கமலாம்பிகை அவர்களுக்கு,

உம்மிடம் நலம் விசாரிக்கும் உரிமை எனக்கில்லை. ஆகையால் நேரே விடயத்துக்கு வருகிறேன்.

ஆஹென் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலரில் உமது பெயரில் ஒரு பாட்டு வந்தது. ‘கதவைச் சாத்தேன், விளக்கை அணையேன், நீ வராத தெருவுக்கு நானே காவல்’ என்ற அடிகளைக் கண்டு, இறைவனைத் தலைவனாக வைத்து உயிர் உருகும் நம் மரபிலே ஒரு பதிகம் என்று நம்பினேன். பக்கத்தை வெட்டி, ஓதும் கொப்பியில் ஒட்டிக்கொண்டேன். தேருக்கு முதல்நாள் முருகன் சந்நிதியில் அதைப் பாடினேன்.

நேற்றுக் கோவிற் சபைச் செயலாளர் பாலமுருகன் தன் பிரதியைத் திருப்பிக் காட்டினார். ‘ஸ்பானிய மதுச்சாலைப் பாடல், தமிழில்’ என்று பின்பக்கத்தில் குறிப்பு. ஒருவனை இழந்தவள் குடித்துவிட்டுப் புலம்புவதை மூலஸ்தானத்தின் முன் பாடியிருக்கிறேன். முப்பது ஆண்டு ஓதிய இடத்தில் இனி நான் ஓதலாமா என்று செப்டெம்பர் முதலாந்திகதி சபை முடிவெடுக்கும். அது பக்திப் பாடலே, குறிப்பு அச்சுப்பிழை என்று நீர் எழுதி அனுப்பும். உம்மாற் கெட்டதை நீரே சீராக்கும்.

முருகேசு

*

ஆஹென், 22.08.2024

முருகேசு ஐயாவுக்கு,

மச்சான் என்று எழுதிப் பழகிய கை. ஐயா என்று எழுத இரண்டு தாள் வீணாயிற்று.

நமக்குக் கலியாணம் பேசி முற்றாக்கிய பிறகு, பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியதாக ஒரு தபாலட்டை போட்டீர்கள். அடுத்து வந்த செய்தி, நீங்கள் தேவமலரைக் கட்டியது. அதுவும் மற்றவர் வாயால்.

பொய் எழுதித் தரமாட்டேன். அது முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் கொலம்பியாக்காரி அன்னா, படுக்கை விரிப்பு மாற்றும்போது பாடும் பாட்டு. அவள் ஜெர்மனில் பொருள் சொல்ல நான் தமிழில் எழுதினேன். விட்டுப்போனவனை ஏச ஒரு சொல்லும் அதில் இல்லை. ஏன் என்று கேட்டேன். “ஏசினால் பாட்டு முடிந்துவிடும். பிறகு என்ன செய்வது?” என்றாள்.

என் மகள் மிதுசா அன்று கோவிலில் நின்றாள். இரண்டாம் அடியில் உங்கள் குரல் உடைந்ததாம், சால்வையால் முகம் துடைத்தீர்களாம், சனம் கைகூப்பியதாம். அந்தக் கண்ணீர் யாருக்கு? முதலில் அதை எழுதுங்கோ.

கமலாம்பிகை

*

சிவசிவ
டோர்ட்முண்ட், 25.08.2024

கமலாம்பிகை அவர்களுக்கு,

கண்ணீர் முருகனுக்கு. வேறொருவருக்கு என்று நீர் எண்ணுவது ஆணவ மலம். இழந்த ஆசையை நினைத்து ஏங்குவது பாசம். அடியவனின் ஏக்கம் அந்தப் பாசத்தை அறுக்க. கொலம்பியாக்காரியிடம் இந்த வேற்றுமையை நீர் கற்க முடியாது.

அகதி முகாமில் எனக்கிருந்த நிலையையும் நீர் அறியீர். அதை விளக்க இது நேரமன்று.

கடிதம் வராவிட்டால் உமது வீட்டுக்கும் எமது வீட்டுக்கும் இனிக் கொண்டாட்டமும் இல்லை, செத்தவீடும் இல்லை.

முருகேசு

*

ஆஹென், 28.08.2024

முருகேசு ஐயாவுக்கு,

நீங்கள் கேட்ட பொய் இத்துடன் இருக்கிறது. பக்திப் பாடல், அச்சுப்பிழை, எல்லாம் நீங்கள் சொன்னபடியே. கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

சபையில் நீங்களே எழும்பி வாசியுங்கோ. முப்பது வருசம் ஓதிய வாயல்லவா, தடுக்காது.

கமலாம்பிகை

*

டோர்ட்முண்ட், 02.09.2024

கமலாம்பிகை அவர்களுக்கு,

உமது தாளை நான் சபையில் வாசிக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

பின்பக்கத்தைப் பாராமற் பாடியது என் பிழை என்றேன். அத்தோடு விட்டிருப்பார்கள். பாலமுருகன், “அண்ணை, பாட்டு எதுவாயிருந்தாலென்ன, நீங்கள் அழுதது கடவுளை நினைச்சுத்தானே?” என்று எனக்கு வழி திறந்துவிட்டார். ஓம் என்றால் முடிந்திருக்கும். இல்லை என்றேன். உமது பெயரைச் சொன்னேன்.

வெள்ளி முதல் என் இடத்தில் மதீசன் ஓதுவார்.

தேவமலர் முன்வரிசையில் இருந்தாள். வீட்டுப் படியில் ஏறும்போது, “அந்தப் பாட்டை எனக்கு ஒருக்காப் பாடுங்கோ” என்றாள். ஏலாது என்றேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

முருகேசு