ஆட்சேபம் இல்லை

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். வயிறு எரிகிறது, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உலக வர்த்தக மன்றத்தின் மாநாட்டைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினார்கள். பால் பவுடர் இறக்குமதி அளவு மீறினால் வரியை உயர்த்திக்கொள்ளும் உரிமையை நம்மைப் போன்ற நாடுகள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானம். தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். கேமரா உன் மேல் வந்தது. நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். தலைவர் சுத்தியலைத் தட்டினார், முடிந்தது. உன் அத்தான், "என்ன, இவன் மைக் வேலை செய்யலையா?" என்று கேட்டார். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பொருளாதாரப் பேராசிரியராக இருந்தபோது எதற்காகத் தொண்டை கிழியக் கத்தினாய்? நாம் சேர்ந்து எழுதிய பாடநூலின் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்த உரிமையைப் பற்றித்தானே? அதற்காகப் பால் சேகரிப்பு நிலையம் நிலையமாக அலைந்து, கேன்களுக்கு நடுவே நின்று விலை விசாரித்தவள் நான். உன்னைத் தூதராக்கியபோது கல்லூரியே கைதட்டியது. வெட்கம்கெட்டு நானும்தான் தட்டினேன். மழுப்பாமல் பதில் எழுது.

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் திட்டு வாங்கி நாளாயிற்று. கடிதத்தில் குரலே கேட்டது. மைக் நன்றாகத்தான் இருந்தது என்று அத்தானிடம் சொல்.

பேராசிரியருக்குச் சொந்த வாய் உண்டு, தூதருக்குக் கிடையாது. எதிர்க்க வேண்டாம், ஆதரித்தும் பேச வேண்டாம் என்று அன்று காலை அமைச்சகத்திலிருந்து உத்தரவு. இந்த மன்றத்தில் வாக்கெடுப்பு வழக்கமில்லை. அறையில் இருக்கிற யாரும் எதிர்க்காவிட்டால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாகப் பொருள். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெருக்கடி என்று உனக்குத் தெரியாது. என் நாற்காலியில் வேறொருவர் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

இன்னொரு விஷயம். பதிப்பாளர் பாடநூலுக்குப் புதிய பதிப்பு கேட்கிறார். ஐந்தாம் அத்தியாயத்தின் புள்ளிவிவரங்கள் பழசாகிவிட்டன. அதை எடுத்துவிடலாமா? ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் சொல்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தாம் தேதி தாண்டியும் உன்னிடமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. ஆகவே அக்காவுக்கும் சம்மதம் என்று பதிப்பாளருக்குத் தெரிவித்துவிட்டேன். புத்தகம் அச்சுக்குப் போகிறது. கோபம் தணிந்ததில் மகிழ்ச்சி.

தம்பி

மே 1

தம்பிக்கு,

கோபம் தணிந்ததாம். யார் சொன்னது உனக்கு?

உன் அத்தானுக்கு நெஞ்சு வலி வந்து இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. நான் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியே கதி என்று கிடந்தேன். உன் மார்ச் மாதக் கடிதம் வீட்டில் பிரிக்காமல் கிடந்தது. தூதரகத்துக்கு போன் செய்தால், நீ கூட்டத்தில் இருப்பதாக உன் செயலாளர் சொன்னார். என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா ஏன் பதில் போடவில்லை என்று உனக்குத் தோன்றவே இல்லையா? இருக்கிறாளா போய்ச் சேர்ந்தாளா என்றுகூடவா? பிறந்ததிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டு எதற்காவது தலையாட்டி நீ பார்த்திருக்கிறாயா? என்னையும் ஒரு நாடு என்று எப்போது நினைக்க ஆரம்பித்தாய்?

பதிப்பாளரைக் கூப்பிட்டு அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். தூதர் ஐயாவே சொன்னாரே என்று பாவம், அந்த மனிதர் தடுமாறினார். அட்டையில் இரண்டு பெயர் இருக்கிறதே, இன்னொருத்தியைக் கேட்டீர்களா என்றேன். ஐந்தாம் அத்தியாயம் இல்லாமல் புத்தகம் வந்தால் என் பெயரும் அதில் இருக்காது.

அத்தான் தேறி வருகிறார். நேற்று வாசல் வரை நடந்தார்.

அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் விஷயம் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. செயலாளரைக் கண்டித்தேன். நானே ஒரு போன் செய்திருக்க வேண்டும். மன்னித்துவிடு.

புள்ளிவிவரம் பழசு என்றது சாக்குதான். இந்த மன்றத்தின் தலைமைப் பொறுப்புக்கு நம் அரசு என் பெயரை அனுப்பப்போகிறது. பெரிய நாடு ஒன்று முகம் சுளித்தாலும் காரியம் கெட்டுவிடும். அந்த அத்தியாயம் இப்போது என் பெயரோடு வந்தால் அவ்வளவுதான். ஒரு வருடம் பொறுத்துக்கொள், அக்கா. தலைவரானதும் அந்த உரிமையைத் திரும்பக் கொண்டுவர நானே முயல்வேன். வேண்டுமானால் அத்தியாயத்தைச் சுருக்கிப் பின்னிணைப்பாகச் சேர்ப்போம். உனக்கும் மரியாதை, எனக்கும் சிக்கல் இல்லை. எனக்காக இது ஒன்றைச் செய்ய மாட்டாயா?

உன் தம்பி

மே 27

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் நல்லவன்தான். ஆனா எப்பவும் அடுத்த வருஷத்துலதான் நல்லவன்" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

சென்ற வாரம் பழைய சேகரிப்பு நிலையம் ஒன்றுக்குப் போனேன். பவுடர் கப்பல் வருவதற்கு முன்பே பால் விலையைக் குறைத்துவிட்டார்கள். இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண் என்னைக் கேட்டாள்: "அந்தக் கூட்டத்துல நம்ம பக்கம் ஒருத்தர்கூட இல்லையாம்மா?" இருந்தான், என் தம்பிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னால் எனக்கு இந்தக் கதி.

உன் பெயரை அனுப்புவதற்கு முன் நாடாளுமன்றக் குழு அடுத்த மாதம் கருத்துக் கேட்கிறது. பால் உற்பத்தியாளர் சங்கம் தன் சார்பில் பேச என்னை அழைத்தது. ஒப்புக்கொண்டேன். ஐந்தாம் அத்தியாயத்தை அங்கே வாசிப்பேன். எழுதிய இருவர் பெயரையும் சொல்வேன். பிறகு, இவரை அனுப்பாதீர்கள் என்பேன்.

உனக்குச் சொல்லாமல் செய்ய எனக்கு மனமில்லை. சமாதானம் பேச ஆள் அனுப்பாதே, நீயே வா. வந்தால் ஓட்டலுக்குப் போகாமல் வீட்டில் தங்கு. அத்தான் உன்னைப் பார்க்க ஏங்குகிறார். குழு உன்னையும் கூப்பிடுமே, அன்று காலையில் ஒரே காரில் போவோம். அந்த அறைக்குள் நுழைந்த பிறகு மட்டும் என்னை அக்கா என்று கூப்பிடாதே.

அக்கா